முதல் வாய்

"வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க, நான் சொல்றப்ப ஒரேயடியா முழுங்கணும்" என்று எக்ஸ்ரே அறை மீசைக்காரர் சொன்னதும், சடையப்பன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கவில்லை. யார் கலக்கியது, எதில் கலக்கியது, ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்குச் சுவரில் அடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரிக் கெட்டியாய், வெள்ளையாய் இருந்ததை, முன்னே பின்னே முகம் பார்த்திராத ஒரு மனுஷன் கையிலிருந்து வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல் வாயில் ஊற்றிக்கொண்டான். கதவு சாத்துவதற்கு முன்னால் அந்த இடுக்கில் தவமணி பார்த்தது அவ்வளவுதான்: புருஷனின் அண்ணாந்த கழுத்து, ஏறி இறங்கிய குரல்வளை. கதவு சாத்திக்கொண்டது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, அவள் பெஞ்சுக்குத் திரும்பி வந்து ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழைய வடித்த சோறும் சீரக ரசமும் பிசைந்து, காரம் இல்லாமல், பருக்கை தெரியாமல் மசித்து, அவனுக்காக விடியலில் எழுந்து செய்தது. டெஸ்டு முடிந்ததும் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். நேற்று ராத்திரியிலிருந்து அவன் வெறும் வயிறு. அவன் சாப்பிடாமல் இருக்கையில் தான் மட்டும் எப்படித் தின்பது என்று அவளும் வெறும் வயிறு. அந்தப் பட்டினி நேற்று அவளுக்குப் பாரமாக இல்லை. இப்போது, இந்தப் பெஞ்சில், அது வயிற்றுக்குள் கல்லைத் தூக்கி வைத்த மாதிரிக் கனத்தது.

நடந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாலு வார்த்தைதான். அவன் எக்ஸ்ரே அறைக்குள் போவதற்குக் கொஞ்சம் முன்னால், திரைத்துணிக்குப் பின்னே ஒரு நர்ஸம்மா அவனை உட்காரவைத்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு எந்த இடத்தில நிக்கிற மாதிரி இருக்கு, வாந்தியில தின்னது அப்படியே வருதா, உடம்பு எவ்வளவு இளைச்சிருக்கு. தவமணி கூட நின்று, "நெஞ்சுக்குழிகிட்ட நிக்குதும்மா, தண்ணி ஊத்தி ஊத்தித்தான் எறக்குறாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன், "நீ போயிப் பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டு வா" என்றான். குழாய் வெகுதூரத்தில் இருக்கும் என்று நினைத்துவிட்டான் போல. அது அதே திரைக்கு அந்தப் புறத்தில்தான் இருந்தது. அவள் பாட்டிலைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு நிற்கையில் நர்ஸம்மா கேட்டாள், "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களாண்ணே?" "சாப்பிடல. எடுத்தோம்." "எடுத்தோம்னா?" "உள்ள இருந்ததை எடுத்தாங்க. எங்கக்கா கூட்டிட்டுப் போச்சு. சோத்துல வச்சுக் குடுத்திருக்குன்னு சொன்னாங்க." "யாரு வச்சது?"  பாட்டிலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் அவன் குரல் இறங்கியது. "வீட்டுல நாங்க ரெண்டே பேருதாம்மா." நர்ஸம்மா சிரித்துவிட்டாள். "போங்கண்ணே, இந்தக் காலத்துல போயி!" "மெதுவாப் பேசுங்க. அவ காதுல விழுந்துறப் போகுது." பாட்டில் நிறைந்து, வழிந்து, தவமணியின் பாதங்களை நனைத்து, செருப்புக்குள் புகுந்து நின்றது. அவள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மரை ஏறவில்லை. திருகிக்கொண்டே இருந்தாள்.

வாய், தொண்டை, உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தோலை உரித்துவிட்டுச் சிரிக்கிற மாதிரி நிற்கிற ஒரு மனிதன், அவனுக்குள் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுருண்டு கிடக்கிற குடல். அவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் சமைக்கிற சத்துணவுக் கூடத்தின் சன்னல் அஞ்சாம் வகுப்பின் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. வருஷா வருஷம் டீச்சர் அதைச் சொல்லிக்கொடுப்பாள், வருஷா வருஷம் பிள்ளைகள் அதை ராகம் போட்டு இழுப்பார்கள், பருப்பு வேகிற வரைக்கும் அவளும் கரண்டியால் தாளம் போட்டபடி கூடவே சொல்வாள். வாயில் எச்சில் கலக்கும். தொண்டையில் ஒரு மூடி உண்டு, மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கும். உணவுக்குழல் புழு நெளிகிற மாதிரி நெளிந்து கீழே தள்ளும், தலைகீழாய்த் தொங்கினாலும் தள்ளும். இரைப்பை கடையும். சிறுகுடல் சாறை உறிஞ்சும். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சும். மிச்சம் வெளியே. 'டீச்சர், மிச்சம்னா ஆயி தானே டீச்சர்?' என்று எவனாவது ஒருவன் வருஷா வருஷம் கேட்பான், வகுப்பே கொல்லென்று சிரிக்கும். எல்லாம் போய்விடும் என்றுதான் அந்தப் பாட்டு சொன்னது. எதுவும் தங்காது, ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்தாக வேண்டும். அப்படியிருக்கத் தான் வைத்தது மட்டும் எப்படிப் போகாமல் தங்கியது என்று நினைத்தாள். நினைத்த மறு நொடியே திடுக்கிட்டாள். தான் வைத்தது! எதை வைத்தோம்? என்ன நினைப்பு இது? அவர்கள் சொன்ன வார்த்தை காது வழியாக இறங்கி, இதற்குள் அவள் ரத்தத்திலும் கலந்துவிட்டதா? இப்போது அவனுக்குள் அந்த வெள்ளை எங்கே போய்க்கொண்டிருக்கும்? நெஞ்சுக்குழியில் நிற்குமா? அங்கேதானே அவள் சோறும் நின்றது. இருபத்துச் சொச்ச வருஷத்துச் சோறு.

மதினி தூக்குவாளியோடு வர ஆரம்பித்தது எப்போது? ஆடிக்கு முன்னாலா பின்னாலா? "என் தம்பிக்குப் புடிக்குமேன்னு கொஞ்சூண்டு கருவாட்டுக் குழம்பு வச்சேன் தவமணி" என்று பொன்னுத்தாயி மதினி சிரித்துக்கொண்டே வந்து வைப்பாள். முழுங்க முடியாத மனுஷனுக்குக் கருவாட்டுக் குழம்பா என்று இவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாளே ஒழிய வேறு நினைக்கவில்லை. அக்காள் தம்பி பாசம் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் பாசம் என்றே நினைத்துவிட்டாள், அதுதான் இப்போது பல்லைக் கடிக்க வைத்தது. அதே நாட்களில்தான் ஒரு மத்தியானம், நைட் ஷிப்டு முடித்து மில்லிலிருந்து வந்து படுத்துத் தூங்கியிருக்க வேண்டியவன், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற வரைக்கும் மூடிவைத்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "என்னங்க, இன்னும் சாப்பிடலையா?" "நீ வரட்டும்னு இருந்தேன்." அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. தட்டை எடுத்து வைத்தபோது சொன்னான், "மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு தவமணி." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ தின்றாயா, கிடந்தாயா என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன். அவள் பிள்ளை பெற்று வந்திருந்த நேரத்திலும் மீன் தலையைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்ட மனுஷன். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, இந்த வயதில். உடம்புக்கு முடியாமல் போனால்தான் ஆம்பளைக்குப் பெண்டாட்டி கண்ணில் படுவாள் போல என்று நினைத்தாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வெறிச்சென்று கிடந்த வீட்டில் திடீரென்று யாரோ விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. மறுநாள் சத்துணவுக் கூடத்தில், கூட வேலை செய்கிற செல்லக்கனி, "என்னக்கா, மொகமெல்லாம் பூரிச்சுக் கெடக்கு?" என்று கேட்டபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டாளு என்னைய மொதல்ல சாப்பிடச் சொன்னாருடி" என்றாள். "யாரு, சடையப்பண்ணனா? ஏக்கா, ஓடிப்போயி வெளிய காயுற மொளகாயை அள்ளுங்க, மழை கொட்டப் போகுது!" இரண்டு பேரும் சிரித்து, புகை குடித்த மாதிரி இருமினார்கள். "எதுக்கும் கேட்டு வைங்கக்கா, வேற எவளையாச்சும் பாத்து வச்சிருப்பாரு, அந்தப் பாவத்தைக் கழுவுறாரோ என்னமோ." அதைக்கூடச் சொல்லிச் சிரித்தாள் செல்லக்கனி. அது எவ்வளவு சின்ன சந்தேகம். வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் தேவலையே என்று இப்போது தோன்றியது. மல்லுக்கு நிற்கலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். ஒரு வாய் சோற்றோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் சமைத்தவளும் ஒரு டீச்சரும் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் அதைப் பெருமையாகத்தான் செய்வாள். தலையில் துணியைக் கட்டி, கையைக் கழுவி, அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் போட்டு, உப்பு இருக்கு டீச்சர், போடலாம் என்பாள். வரிசையில் தட்டோடு நிற்கிற அத்தனை கண்களும் அவள் வாயையே பார்க்கும், அது பசி, அதில் களங்கம் கிடையாது. நூறு பிள்ளைக்கு மேல் அவள் கையால் தின்றார்கள், தின்றுவிட்டு மரத்தடியில் கிட்டிப்புள் விளையாடினார்கள், ஒருத்தனுக்கும் ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. வீட்டிலும் அவளை அதே மாதிரித்தான் நிறுத்தி வைத்திருந்திருக்கிறான். அவள்தான் தெரியாமல் நாணிக்கொண்டு நின்றிருக்கிறாள். எத்தனை நாள் அப்படி ஒரு வாய் எடுத்து வைத்து, எத்தனை நாள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்து, ஒரு நாள், அடக்கடவுளே, ஒரு நாள் அந்த முதல் வாயைப் பிசைந்து அவனுக்கே ஊட்டப் போனாளே. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏய், சின்னப் பிள்ளையா நானு? நீ தின்னு." கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு அன்றைக்கு முழுக்க, பாத்திரம் துலக்குகையிலும், துணி காயப்போடுகையிலும், தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே இருக்கும்? அது செரித்துப் போயிருக்காது. குடலில் ஏதோ ஒரு மடிப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதை எந்த மீசைக்காரன் படம் பிடிப்பான்?

மருந்து எடுக்கிறது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாததில்லை. மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு ஊரில், வேப்பமரத்துக்கு அடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். வெறும் வயிற்றில் ஏதோ ஒரு தழைச் சாற்றைக் குடிக்கக் கொடுப்பான். வயிற்றைத் தடவுவான், முதுகில் தட்டுவான், குமட்டிக்கொண்டு வரும்போது வாழை இலையை நீட்டுவான். அதில் கரேலென்று ஒரு உருண்டை கிடக்கும். குச்சியால் விலக்கிக் காட்டுவான், பாருங்கம்மா, முடி, பொம்பளை முடி. சின்ன வயதில் அவள் ஊரிலும் ஒருத்தர் அப்படிப் போய்வந்து பெண்டாட்டியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் திரும்பி வரவே இல்லை. இவனும் இலையைப் பார்த்திருப்பான். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ என் தம்பீ" என்று நெஞ்சில் அடித்திருப்பாள். முடி! புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த நாளில் அவளுக்கு முழங்கால் வரைக்கும் முடி. அது சோற்றில் கிடக்கும், குழம்பில் கிடக்கும், என்னதான் முடிந்து வைத்தாலும் ஒன்று இரண்டு கிடக்கத்தான் செய்யும். அவன் அதைத் தட்டிலிருந்து மெதுவாக உருவி, முடிவே இல்லாமல் நீளுகிறதைப் பார்த்து, விரலில் மோதிரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு, "ஒன் முடியாச்சே, தூக்கியா போட முடியும்?" என்று சிரிப்பான். அதை மறந்துவிட்டான். அல்லது மறக்கவில்லை, இலையில் அந்த முடியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது, அந்த மோதிரத்தைத்தான் சாட்சியாக எடுத்து வைத்துக்கொண்டான். இதை நினைத்தபோது அவள் கை தானாகத் தலைக்குப் போனது. இப்போது அங்கே எலிவால் மாதிரி ஒரு கொண்டை, பாதி நரை. இதில் மருந்து வைக்க என்ன இருக்கிறது? யாரை வசியம் பண்ண? எதற்கு? இருமிக்கொண்டு, பகலெல்லாம் குறட்டை விட்டுக்கொண்டு, பஞ்சு வாசத்தோடு கிடக்கிற இந்த மனுஷனையா?

கதவு திறந்தது. பின்னால் நாடா வைத்துக் கட்டிய பச்சை அங்கியில் அவன் வெளியே வந்தான். நாடா சரியாக முடியாமல் முதுகு தெரிந்தது, எலும்பு கோத்த மாலை மாதிரி. உதட்டில் வெள்ளை காய்ந்து கோடு போட்டிருந்தது. தயிர்சோறு தின்றுவிட்டு வாய் துடைக்காத பிள்ளை மாதிரி இருந்தான். அவள் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. அவளே அதைப் பிடித்து உட்காரவைத்தாள். "என்னங்க, நெஞ்சை அடைக்குதா?" "லேசா. நடக்கச் சொல்லியிருக்காங்க. நடந்தாத்தான் கீழ போகுமாம். திரும்பத் திரும்பக் கூப்புட்டு எடுப்பாங்களாம்." "என்ன ருசி?" என்று கேட்டாள். ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "மண்ணு மாதிரி இருக்கு." "ஒரே மடக்கா குடிச்சிட்டீங்க." "டாக்டர் குடுத்ததுல்ல" என்றான். சொல்லிவிட்டு நடந்தான். நடையின் அந்தக் கோடி வரை போய், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். டாக்டர் குடுத்தது. டாக்டரை அவன் இன்றைக்கு இன்னும் பார்க்கக்கூட இல்லை. கொடுத்தது மீசைக்காரர். அந்த ஆளுக்கு உங்களைப் பிடிக்குமா பிடிக்காதா, அவர் வீட்டில் என்ன சண்டை, எதுவும் தெரியாது, அவரை நம்பலாம். உங்கள் காய்ச்சலில் வாந்தியைக் கையில் ஏந்தியவளை நம்பக்கூடாது. கிட்டே இருக்கிறவள் கைதான் விஷம், எட்ட இருக்கிறவன் கை அமுதம். கேட்டுவிடலாம், அடுத்த தடவை இங்கே திரும்பி வரும்போது கேட்டுவிடலாம். ஏங்க, நான் ஒங்களுக்கு மருந்து வச்சேனா? அவன் வந்தான். வாயைத் திறந்தாள். அது நெஞ்சுக்குழியில் வந்து நின்றுகொண்டது, மேலேயும் வராமல், கீழேயும் போகாமல். அவன் திரும்பிப் போனான். சிலிண்டரைத் தொட்டான். ஓ, இப்படித்தான் இருக்குமா உங்களுக்குச் சோறு என்று நினைத்தாள், நினைத்ததும் அவன் மேல் ஒரு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அவனைக் கூப்பிட்டார்கள், போனான், வந்தான், நடந்தான், மறுபடி கூப்பிட்டார்கள். வெள்ளை இப்போது இரைப்பைக்கு வந்திருக்கும். கடைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முறுக்கு தின்றாள், நொறுக்கு நொறுக்கென்று, அந்தச் சத்தம் தவமணியின் வயிற்றைப் போய்த் தொட்டு, வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது. "சாப்பிடலையா தாயி?" என்று அந்த அம்மாள் ஒரு முறுக்கை நீட்டினாள். முன்னே பின்னே தெரியாதவள். "இல்லம்மா, அவரு இன்னும் சாப்பிடல" என்று வாய் தன் பாட்டுக்குப் பழைய பதிலைச் சொன்னது. சொன்ன பிறகுதான் ஒரு பயம் வந்தது. அந்தப் படத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால்? கருப்பாய், உருண்டையாய், ஏதாவது ஒன்று. தான் ஒன்றும் செய்யவில்லை என்று தனக்குத் தெரியும். தெரியுமா? தூக்கத்தில் செய்திருந்தால்? கை தவறி ஏதாவது விழுந்திருந்தால்? பல்லி? அண்டா கழுவுகிற பவுடர்? மூன்று வேளையும் உழைத்து, எரிச்சலில், இந்த மனுஷனுக்கு ஒரு கேடு வராதா என்று என்றைக்காவது கரண்டியைப் போட்டுக் கலக்கும்போது நினைத்திருந்தால், அந்த நினைப்பு உப்பு மாதிரிக் கரைந்து குழம்பில் இறங்கியிருக்காதா? நினைத்திருக்கிறாள். எந்தப் பெண்டாட்டிதான் நினைக்கவில்லை.  போலீஸைப் பார்த்ததும் ஓடத் தோன்றுகிற அப்பாவி மாதிரி எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அதே சமயம், படம் வரட்டும், வரட்டும், என்னை அந்தப் படம்தான் காப்பாற்ற வேண்டும் என்றும் இருந்தது. நாலு மனுஷர் முன்னால் டாக்டர் சொல்வார், உன் வயிற்றில் ஒன்றும் இல்லையப்பா என்று. அப்போது இவன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் போதும். மன்னிப்பு ஒன்றும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜாதி ஆம்பளை ஜாதி. ஒரு பார்வை, தலையைக் குனிந்துகொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படங்களை வெளிச்சப் பெட்டியில் வரிசையாகச் செருகினாள். தவமணி முதன்முறையாகப் புருஷனின் உள்ளே பார்த்தாள். விலா எலும்புகளின் நடுவே வெள்ளையாய் ஒரு குழாய், மேலே சுரைக்காய் மாதிரி வீங்கி, கீழே வரவரச் சிறுத்து, குருவி மூக்கு மாதிரிக் கூராய் முடிந்தது. "இங்க பாருங்க," என்றாள் டாக்டர், பேனா முனையால் அந்தக் கூரைத் தொட்டு. "சோத்துக்குழாய்க்கு அடியில ஒரு வாசல் இருக்கு. நாம முழுங்குறப்ப அது தானாத் திறக்கணும். உங்களுக்கு அது திறக்க மாட்டேங்குது. அதான் சாப்பாடு மேலயே தேங்கி நின்னு, வாந்தியா வருது." "அது எதனால டாக்டர்?" என்றான் சடையப்பன். "அந்த வாசல்ல இருக்கிற நரம்பு கெட்டுப்போகும். சில பேருக்கு வரும், இன்ன காரணம்னு சொல்ல முடியாது. பாத்தா பயப்படுற மாதிரி தெரியல. ஆனா உள்ள குழாய் விட்டு ஒரு தடவை பாத்துட்டுத்தான் முடிவாச் சொல்லணும். அப்புறம் அந்த வாசலை விரிச்சு விட்டுரலாம்." அவன் எச்சில் விழுங்கினான், சிரமப்பட்டு. "வயித்துல?" "வயித்துக்கு என்ன?" "வயித்துல ஒட்டிக்கிட்டு ஏதாச்சும்…" டாக்டர் அடுத்தடுத்த படங்களைக் காட்டினாள். பை மாதிரி இரைப்பை, இறகு இறகாய்ச் சிறுகுடல். "சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல. சோறே ஒழுங்கா எறங்கலையேண்ணே, வயித்துல என்ன போயி ஒட்டும்?" தவமணி மூச்சை விட்டாள். இப்போது. இப்போது திரும்புவான். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு நாளைக்கு வெள்ளையாப் போகும், பயந்துராதீங்க. தண்ணி நெறையக் குடிங்க. இப்ப மெதுவா சாப்பிடலாம், கொழகொழன்னு இருக்கிறதா" என்றாள் டாக்டர். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சுத்தமான வயிற்றைப் பார்த்து அவன் முகத்தில் ஏதோ தெளிந்தது. என்ன தெளிந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்ததும் அவன் போனை எடுத்தான். அவளை ஒரு பார்வை பார்த்து, நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றான். மதினிக்குக் காது மந்தம், அவளிடம் மெதுவாகப் பேச முடியாது. "பாத்துட்டாங்கக்கா… ஆமா… வயிறு சுத்தமா இருக்காம். ஒண்ணுமே இல்லையாம். படம் புடிச்சுக் காட்டுனாங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "அதான்க்கா நானும் நெனச்சேன். அன்னிக்கே எடுத்துட்டோம்ல, அதான் இல்ல. எடுக்காம விட்டிருந்தா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? குழாய் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கு… அது போயிட்டு வந்த தடம்." தவமணி வேப்பமரத்தைப் பார்த்தாள். எறும்புகள் ஒரு செத்த வண்டை இழுத்துக்கொண்டு மரத்தில் ஏறின. எடுத்துவிட்டோம், அதனால் இல்லை. இருந்தால், அவள் வைத்தது. இல்லாவிட்டால், அவள் வைத்ததை எடுத்தது. இதற்கு எந்த டாக்டர் படம் பிடிப்பாள், எத்தனை டம்ளர் வெள்ளையைக் குடித்தால் இது தெரியும்? வாசல் திறக்கவில்லை, நரம்பு கெட்டுவிட்டது, இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. சின்னப் பெண், எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பசித்தது. வெறும் பசி, சுத்தமான பசி, வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைகளின் பசி.

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் இளகியிருந்தது. பயப்படுற மாதிரி இல்லை என்றார்களே, அந்த நிம்மதி. அவள் ஹாட்பாக்ஸைத் திறந்தாள். சீரக வாசம் எழுந்தது. மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்து ஸ்பூனைச் செருகி அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் மூடியைத் தொடவில்லை. வாய் ஓரத்தில் காய்ந்த வெள்ளையோடு, மெதுவாக, ஏறக்குறைய ஆசையாக, "மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு தவமணி" என்றான்.

அதே குரல். ஒரு மாற்றமும் இல்லை. அவள் ஸ்பூனை எடுத்து ஒரு வாய் வைத்தாள். அவன் பார்த்தான். இத்தனை நாளும் தன் முகத்தைப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கண் அவள் கழுத்தில் இருந்தது. முழுங்கினாள். குரல்வளை ஏறி இறங்குகிறதை அவன் கண்ணும் கூடவே ஏறி இறங்கிப் பார்த்தது. பிறகு அவன் மூடிக்குக் கையை நீட்டினான். அவள் இரண்டாம் வாய் எடுத்தாள். "சரி, குடு" என்றான். மூன்றாம் வாய். உப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, விடியலில் உட்கார்ந்து மசித்த கையின் பதம் இருந்தது, நல்ல சோறு. வாய், தொண்டை, உணவுக்குழல். அவளுக்குள் அந்த வாசல் ஒவ்வொரு வாய்க்கும் திறந்தது, கேட்காமலே திறந்தது, சோறு வெதுவெதுவென்று உள்ளே போனது. மூடியில் இருந்தது தீர்ந்ததும் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஏய், என்ன தவமணி…" அவள் நிமிரவில்லை. அவசரப்படவும் இல்லை. ஸ்பூனை வைத்துவிட்டுக் கையால் தின்றாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துத் தின்றாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள், கையைக் கழுவினாள், மிச்சத் தண்ணீரைப் பாட்டிலோடு அவன் பக்கத்தில் வைத்தாள். அண்டா காலியான பிறகு தட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளை மாதிரி அவன், "எனக்கு?" என்றான்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தவமணி அன்றைக்கு முதன்முதலாக அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா, வீட்டுக்குப் போயி உங்களுக்கு ஆக்கித் தாரேன்."

அவன் காலி டப்பாவை எட்டிப் பார்த்தான்.  அவளுக்குள் சோறு தன் வழியைப் பார்த்து மெள்ள இறங்கிக்கொண்டிருந்தது.